ஓர்ப்படி வீட்டு ஜன்னல்

என் மகள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் ஓர்ப்படி வீட்டில் படுக்கப் போன அன்றைக்குத்தான், ஏ.சி. மாட்டிய ஒப்பந்தக்காரர் மேல் புகார் எழுதினேன். அதற்கு முன் இரண்டு மாதம் வாய்ச்சண்டைதான்.

ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனின் மனைவி. அண்ணனும் தம்பியும் ஒரே மனையை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து வீடு கட்டினார்கள். நடுவில் மூன்றடிச் சந்து. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவள் சமையலறை ஜன்னல். அங்கே கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும்.

எனக்கு அவள்மேல் பொறாமை. இதில் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது, இருபது வருடப் பழக்கம். அவள் குரலை உயர்த்தமாட்டாள். அவள் நட்டால் குச்சிகூடத் தழைக்கும். நான் வைத்த ரோஜா ஒரு வாரம் என்னை முறைத்துவிட்டுச் செத்துப்போகும். என் வீட்டுக்காரரே, "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்" என்பார். என்னிடம் இருந்து அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. பிள்ளை. அதை ஒருநாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை. மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டதுண்டு. அந்த ஒன்றும் இப்போது தலையணையோடு சந்தைத் தாண்டிப் போய்விட்டது.

"ரூம் வேகுதும்மா. பரீட்சை முடியற வரைக்கும் சித்தி வீட்டுல படிச்சுட்டு அங்கேயே படுத்துக்கறேன்."

"ஏன், நம்ம வீட்டுல ஏ.சி. இல்லையா?"

"இருக்கு. சத்தம் மட்டும்தான் வருது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. இரண்டு வீட்டிலும் ஏ.சி. மாட்டியது ஒரே ஆள்தான். கழுத்தில் எப்போதும் லைசன்ஸ் அட்டையைத் தொங்கவிட்டிருப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு லைசன்ஸ்காரர் என்றே பெயர். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஓர்ப்படி வீட்டில் போன வருடம் மாட்டினார். அங்கே வாசல் தாண்டினாலே கன்னத்தில் ஜில்லென்று படும். எனக்கு அதே கம்பெனி, அதே அளவு, அதே கை. மாட்டிய முதல் இரண்டு நாள் குளிர்ந்தது. வெயில் ஏற ஏற, மெஷின் உறுமியதே தவிர அறை கொதித்தது. அவளுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி வேலை செய்துவிட்டார் என்றுதான் நான் முடிவு கட்டினேன். என் வாழ்க்கையில் எல்லாமே அப்படித்தானே நடந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏ.சி.க்கு வெளியே ஒரு பெட்டி இருக்குமே, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே ஊதுவது, அதை அவர் சந்தின் கடைசியில் ஒரு ஸ்டாண்டில் வைத்தார். "காத்து கொல்லைப் பக்கம் போகணும் மேடம். செவுத்தைப் பார்த்து மட்டும் வைக்கக் கூடாது" என்றார். லைசன்ஸ் பேசுகிறது என்று நான் காதில் வாங்கவில்லை. அவர் போன மூன்றாம் நாள், தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு ஒருவர் வந்தார். அவரிடம் நாலு போல்ட்டையும் கழற்றி, பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். ஓர்ப்படியின் சமையலறை ஜன்னலைப் பார்த்து.

என்ன நினைத்துச் செய்தேன் என்றால், என் வீட்டுச் சூடு கொல்லையில் வீணாகப் போவானேன், அவள் அடுப்படிக்குள் போகட்டும் என்றுதான். வேறு காரணம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மறுநாளே அவள் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டாள். இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. வீடுதான் குளிரவில்லை.

ஏ.சி. சரியில்லை என்று போன் செய்ததும் லைசன்ஸ்காரர் முதலில் ஒரு ஆளை அனுப்பினார். அவன் உள்ளே தூசி தட்டிவிட்டுப் போனான். இரண்டாம் முறை அவரே வந்து, சந்துக்குப் போக வேண்டும் என்றார். பெட்டி திரும்பியிருப்பதை அவர் பார்த்து, 'யார் திருப்பினது?' என்று அந்தச் சந்தில் நின்று உரக்கக் கேட்டால் என் மானம் என்னாவது? ஓர்ப்படி சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் காது இல்லாமலா போய்விடும்?

"சந்துல பாம்பு வந்துச்சுங்க. பூட்டி வச்சிருக்கோம்" என்றேன்.

"பாம்பு புடிக்கிறவரைக் கூட்டிட்டு வரட்டுமா மேடம்?"

"ஏ.சி.யைப் பாருங்கன்னா பாம்பைப் பாக்கறேங்கறீங்க."

அவர் போய்விட்டார். அப்புறம் போனில், "வெளிப் பெட்டியைக் காட்டாம எப்படி மேடம் வேலை பாக்கறது? கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கற மாதிரி இருக்கு" என்றார். லைசன்ஸ் இருந்தால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா என்று நான் கத்தினேன். அன்று சாயங்காலம்தான் மகள் தலையணையோடு போனாள். நான் உட்கார்ந்து உரிம வாரியத்துக்கு நாலு பக்கம் எழுதினேன். மூன்றாவது பக்கத்தில், 'இதனால் எங்கள் குடும்பம் பிரிந்துவிட்டது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஏ.சி. சரியானால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாரியத்திலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் சனிக்கிழமை காலை வந்தார். லைசன்ஸ்காரரும் வந்திருந்தார், அட்டையோடு. ஆய்வாளர் அறைக்குள் ஒரு கருவியை நீட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"வெளிப் பெட்டி எங்க?"

நான் பாம்பைப் பற்றி வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர், "சாவி இந்தா ஆணியிலதானே தொங்குது" என்று எடுத்து நீட்டினார். அவருக்குத் தெரிந்தது நான் சொன்ன பாம்பு மட்டும்தான். தெரியாத மனுஷரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது ஒரு சௌகரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சந்துக்குள் நாலு பேரும் வரிசையாகப் போனோம். நடக்க நடக்க அனல் முகத்தில் அடித்தது. ஆய்வாளர் பெட்டிக்கு முன்னால் கருவியைப் பிடித்தார், பிறகு பின்னால் பிடித்தார், பிறகு சாத்தியிருந்த ஜன்னலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"ஊதற சூடு எதிர்ச் செவுத்துல அடிச்சு, திரும்ப இதுக்குள்ளேயே வருது. தன் சூட்டைத் தானே இழுத்துக்கிட்டு ஓடுது. எப்படிங்க குளிரும்?" அவர் லைசன்ஸ்காரரைப் பார்த்தார். "பத்து வருஷமா லைசன்ஸ் வச்சிருக்கீங்க. இப்படியா வைப்பீங்க?"

"நான் இப்படி வைக்கல மேடம்."

"அப்ப யார் வச்சது?"

லைசன்ஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் என் கால்விரலைப் பார்த்தேன்.

"இதை நான் எழுதிக் கொடுத்தா ஆறு மாசத்துக்கு லைசன்ஸை நிறுத்தி வைப்பாங்க. தெரியும்ல?" என்றார் ஆய்வாளர்.

"தெரியும் மேடம். ஆனா இது நான் வச்ச மாதிரி இல்ல" என்றார் அவர் மறுபடியும். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை. கை மட்டும் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடு என்று என் நெஞ்சு சொன்னது. என் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு நான் செய்த கேவலம் அதுதான், பெட்டியைத் திருப்பியதுகூட இல்லை.

அப்போது எதிர் ஜன்னல் திறந்தது. இரண்டு மாதம் கழித்து முதல் முறையாக. ஓர்ப்படி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் என் மகள், கையில் புத்தகத்தோடு.

"நான்தாங்க திருப்பச் சொன்னேன்" என்றாள் ஓர்ப்படி. "கொல்லையில துணி காயப்போடற இடத்துல அனல் அடிச்சுது. அக்கா ஊர்ல இல்லாதப்ப ஆள் வச்சுத் திருப்பிட்டேன். அக்காவுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. தப்பு என்மேலதான்."

இப்படி ஒரு பொய்யை இவ்வளவு மெதுவான குரலில் சொல்ல அவளால்தான் முடியும். நான் தப்பித்துவிட்டேன். லைசன்ஸ்காரரும் தப்பித்துவிட்டார். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுபம்.

ஆனால் நான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். மோட்டார் ரிப்பேர்காரர் பெட்டியைத் திருப்பியபோது அவள் வீட்டில்தான் இருந்தாள்; திருப்பச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். சித்தி சொல்வது பொய் என்று தெரிந்துகொண்டே சித்தியை ஒரு பார்வை பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவள் பிறந்ததிலிருந்து நான் வாங்கியதில்லை. என் குற்றத்தைக்கூட ஓர்ப்படி எடுத்துப் போட்டுக்கொண்டு நல்ல பேர் வாங்குகிறாளே என்று எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"பொய்!" என்று கத்தினேன். "அவ சொல்றது அத்தனையும் பொய்! நான்தான் திருப்பினேன். நான் எந்த ஊருக்கும் போகல. இங்கேயே நின்னு, நானே ஆள் வச்சுத் திருப்பினேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். "எதுக்குங்க?"

"என் வீட்டுச் சூடு அவ வீட்டுக்குள்ள போகட்டும்னு."

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்து, "அப்ப அந்தப் பாம்பு...?" என்றார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். ஆய்வாளர் என் நாலு பக்கப் புகாரின் மேல் குறுக்காக ஏதோ எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

லைசன்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, நாலு போல்ட்டையும் கழற்றிப் பெட்டியைப் பழையபடி நிறுத்தினார். எழுந்தவர், "மேடம், என்மேல கோவம்னா நல்லா திட்டுங்க. பெட்டியைத் திருப்பாதீங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் கேட்பது சுலபமாகத்தான் இருந்தது.

எல்லோரும் போனபின் சந்தில் நானும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளும் இருந்தோம்.

"நான்தான் திருப்பினேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"திருப்பின அன்னிக்கே ஜன்னல் வழியா பார்த்தேன் அக்கா. இனி குளிராதுன்னும் தெரியும். எங்க வீட்டுல மாட்டும்போதே அவர் சொன்னாரு, செவுத்தைப் பார்த்து வச்சா குளிராதுன்னு."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல? நான் வீட்டுக்குள்ள வெந்து சாகறேன், நீ ஜன்னலைச் சாத்திக்கிட்டுச் சும்மா இருந்திருக்க?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல அனலுக்காகத்தான் சாத்தினேன். உங்ககிட்ட சொல்லவும் பயம். அப்புறம் வெக்கை தாங்காம பாப்பா பகல்ல எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சா. உங்க வீடு குளிர்ந்துட்டா அவ போயிடுவா. அதான் சொல்லல. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமை அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. குச்சியைத் தழைக்க வைக்கிறவள், கத்தாமலே ஜெயிக்கிறவள், என்னைப் பார்த்து! கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மகா சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். அவள் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

மத்தியானம் என் வீடு குளிர்ந்தது. என் மகள் தலையணையோடு வந்து சேர்ந்தாள்.

"சித்தி போகச் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. ரூம் குளிர்ந்தா வர்றேன்னுதானே போனேன்?" அவள் தலையணையைக் கட்டிலில் எறிந்தாள். "சித்தி உள்ள அழுதுக்கிட்டு இருக்காங்க. நீ இங்க முறைச்சுக்கிட்டு இருக்க. நான் என்ன, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து மாட்டின மெஷினா?"

அவள் படிக்க உட்கார்ந்தாள். அறை ஜில்லென்று இருந்தது. நான் ஆசைப்பட்டது எல்லாம் அந்த அறைக்குள் இருந்தது. ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்றே காது போனது. கேட்கவில்லை. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து சந்துக்குள் போய் அவள் ஜன்னலைத் தட்டினேன்.

"இந்தா பாரு. பரீட்சை வரைக்கும் அவ சாயங்காலம் உன் வீட்டுலயே படிக்கட்டும். தூங்கறது என் வீட்டுல. ஒன்பது மணிக்கு அனுப்பிடணும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் நானே வந்து நிப்பேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டே முக்காலுக்கே அனுப்பிடறேன் அக்கா."

அதிலும் கால் மணி நேரம் என்னை முந்திக்கொண்டுவிட்டாள்.