துப்பும் லாமா

முதல் பிடி மண்ணை ருஃபினோதான் போட்டார். போட்டுவிட்டு, குழிக்குள்ளேயே விழுந்துவிடுவார் போல முன்னால் சாய்ந்து அழுதார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பெட்டிக்குள் கிடந்தவர் நில்டாவின் அப்பா எவாரிஸ்தோ. அழுதவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்ற நில்டாவுக்குக் கண்ணீர் வரவில்லை. சித்தப்பாவின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மலையூரான சிக்குவானியில் அந்த லாமாவைத் தெரியாதவர்கள் இல்லை. அண்ணனும் தம்பியுமாகச் சந்தைக்குப் பக்கத்தில் நடத்திய இன்டர்நெட் கடையில் கம்ப்யூட்டரைப் போட்டாலும் அணைத்தாலும், வெறும் கறுப்புத் திரைக்குப் பதிலாக நீண்ட கழுத்தும் அடர்ந்த கம்பளியுமாக ஒரு லாமா அசை போட்டபடி நடந்து வரும். நின்று, நம்மை ஏற இறங்கப் பார்த்து, துப்பும். எச்சில் திரை முழுக்கப் பரவி வடியும்போது 'எவாரிஸ்தோ வரைந்தது' என்ற எழுத்து தெரியும். அந்த மூன்று நொடிக்காக அறுபத்து நான்கு படங்களை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு மழைக்காலம் வரைந்தார் அப்பா. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள்.

மாகாணப் பள்ளிகளுக்கும் அது வேண்டும் என்று கல்வி அலுவலகம் கேட்டபோது பேசப் போனவர் ருஃபினோ. துப்புவது மரியாதையில்லை என்று அண்ணனையே விட்டு லாமாவைத் தலைவணங்க வைத்தார். அப்புறம் எழுத்தையும் மாற்றச் சொன்னார். விண்ணப்பத்தில் அவர் பெயர்தான் இருக்கிறதாம், பிறகு சரிசெய்துகொள்ளலாமாம். அப்பா தன் கையாலேயே தன் பெயரை அழித்து 'ருஃபினோவின் படைப்பு' என்று எழுதினார். அந்தப் 'பிறகு' ஏழு வருடமாக வரவில்லை. இதற்கிடையில் மேயரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாயிற்று, பாராட்டுப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று.

மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார், பெயரைத் திருப்பிப் போட்டுவிடேன் என்று. ருஃபினோ கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு நொடி வர்ற படம்ணே. அதுல பேரை யாரு பாக்கப் போறா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் மெல்லக் கோக்கா இலையும் குடிக்கக் கரும்புச் சாராயமும் கைமாறிக்கொண்டிருந்தபோது ருஃபினோ நில்டாவைத் தனியே அழைத்தார். மறுநாள் காலை கல்வி அலுவலகத்துக்காரர்கள் கடைக்கு வருகிறார்களாம். பின்னல் தொப்பி போட்ட புது லாமாவை அண்ணன் முடித்து வைத்துவிட்டுத்தான் போனாராம். அதை வந்து ஏற்றிக் கொடுக்க வேண்டுமாம்.

"சரி சித்தப்பா" என்றாள்.

உனக்கு மானம் இல்லையா என்று அம்மா வழியெல்லாம் கேட்டாள். நில்டா நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவின் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையோடு அப்படியே கிளம்பினாள்.

அண்ணனைப் புதைத்த மண் காய்வதற்குள் ருஃபினோ கடையைத் திறந்திருந்தார். பதினான்கு கம்ப்யூட்டர்கள். நில்டா ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடைசிக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக் காட்டினாள். தொப்பி போட்ட லாமா வந்து பணிவாகத் தலைவணங்கியது. கீழே ருஃபினோவின் பெயர். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காப்பி சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கல்லாவுக்குப் போனார்.

பதினைந்து வயதில் நில்டா இதே கடையில் ஒரு தப்புச் செய்திருந்தாள். கம்ப்யூட்டர் விழிக்கும்போது காட்டும் படங்கள் தனி மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும்; அணையும்போது வருவது மூட்டைக்கு வெளியே இருக்கும் படம். படத்தை மாற்றினால் மூட்டையையும் மறுபடி கட்ட வேண்டும். அவள் கட்ட மறந்துவிட்டாள். எழும்போது பழைய படமும் அணையும்போது புதுப்படமுமாக வந்தன. எழுந்திருக்கும்போது ஒரு மூஞ்சி, தூங்கப் போகும்போது ஒரு மூஞ்சி, உன் சித்தப்பனை மாதிரி என்று அப்பா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது அவள் முதல் கம்ப்யூட்டரில் மறுபடி உட்கார்ந்தாள். அப்பாவின் பழைய அறுபத்து நான்கு படங்களைப் புதுப் படங்களின் மேலேயே போட்டாள். தொப்பி லாமா இருந்த மூட்டையை மட்டும் மறுபடி கட்டவில்லை. பதினான்கிலும் கட்டவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

கடை மூடும்போது எல்லாக் கம்ப்யூட்டரையும் ருஃபினோ தன் கையால்தான் அணைப்பார். யாரையும் நம்பமாட்டார், பிளக்கைப் பிடுங்கவும் விடமாட்டார். ஆறு மணிக்குக் கடைசி ஆளும் போனபின் கதவைப் பாதி இறக்கிவிட்டு முதல் கம்ப்யூட்டரின் முன் குனிந்தார். நில்டா வாசலோரம் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

லாமா வந்தது. தொப்பி இல்லை. ருஃபினோவை ஏற இறங்கப் பார்த்தது. துப்பியது. எச்சில் வடிந்த இடத்தில் அண்ணனின் பெயர் நின்றது.

"இது என்னடி?"

"அணைக்கும்போது வரும் சித்தப்பா. காலையில போட்டீங்கன்னா கும்பிடும். வர்றவங்க யாரும் பாக்க மாட்டாங்க."

"அழி இதை."

"எனக்குத் தெரியாதே. நீங்கதானே வரைஞ்சீங்க, நீங்களே அழிச்சுக்குங்க."

ருஃபினோ திரைப்பக்கம் திரும்பினார். திரை கறுத்துப் போயிருந்தது.  பிறகு, தன்னை அறியாமல், சட்டைக் கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கம்ப்யூட்டருக்கு நகர்ந்தார்.

இன்னும் பதின்மூன்று இருந்தன. நில்டா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.