கால் சொல்வதைக் கேட்ட கம்பி

மெல்பேணின் புறநகரான டார்னெய்டில் வீடு வீடாகப் புல் வெட்டிக் கொடுப்பது கல்யாணியின் தொழில். அன்று கடைசி வீட்டை முடித்துத் திரும்பும் வழியில், அவளுடைய பின்னால் திறந்த தட்டுள்ள முப்பது வருடப் பழைய யூட்டின் அக்ஸிலரேட்டர் பெடல் சட்டென்று தரையோடு போய்க் கிடந்தது. எஞ்சின் நிற்கவில்லை, மிதித்தால் வேகம்தான் எடுக்கவில்லை. முதல் கியரில், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, வண்டியை ஊரவிட்டு வீடு சேர்த்தாள்.

பெடலையும் எஞ்சினையும் இணைக்கும் கேபிள் அறுந்திருந்தது. மறுநாள் புதியதை வாங்கி வந்தாள். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழையதை உருவி எடுத்தாள். உள்ளே ஓடிய கம்பி தடித்த நூல் அளவுதான். இவ்வளவு பெரிய இரும்பு இதற்கா இத்தனை வருடம் அடங்கி நடந்தது என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

புதியதன் இரு நுனிகளையும் மாட்டியாயிற்று. இனி ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தது கணவர் யோகேஸ்வரன் மட்டும். சிட்னிக்கும் மெல்பேணுக்கும் இடையே லொறி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை முழுவதும் போய் ஒன்பது வருடம். அதன் பிறகு அவர் சாரதி இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து பெடலை மிதிச்சுத் தாறியளோ?"

"நானோ?"

"வேற ஆர் இருக்கினம்?"

அவர் கதவைத் தடவி ஏறினார். கைகள் தாமாகவே ஸ்டியரிங்கில் போய் அமர்ந்தன.

காற்றுக் குழாயைக் கழற்றியிருந்ததால் எஞ்சினின் வாய் திறந்து தெரிந்தது. "மெல்ல அமத்துங்கோ" என்றாள். உள்ளே ஒரு வட்டத் தகடு இமை போல விரிந்தது. முழுக்க அழுத்தியும் அது முழுதாகத் திறக்கவில்லை. கேபிளின் நட்டை முறுக்கிக் கம்பியை இழுத்துவிட்டாள். இப்போது தகடு நிமிர்ந்து நின்றது. குழாயை மாட்டி, கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்து, அவருக்குக் குறுக்கே கை நீட்டி ஸ்டார்ட் செய்தாள்.

"என்ர கால் படாமலே இரையுது. கம்பி இறுகிப்போச்சு, கல்யாணி."

அவள் அரைச் சுற்றுத் தளர்த்தினாள். சத்தம் தணிந்து சீரானது.

"இப்ப அமத்துங்கோ."

எஞ்சின் உறுமியது, வண்டி முழுவதும் அதிர்ந்தது. அவர் விட்டார். மறுபடி, மிக மெதுவாக, அழுத்தினார். அவருடைய கால் பெருவிரல் அசைய, கம்பி ஒரு நெல்லளவு நகர, அத்தனை இரும்பும் மூச்சிழுத்தது. கல்யாணிக்கு மயிர் கூச்செறிந்தது.

"இது நான் செய்யிறதோ?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஓம், நீங்கள்தான்."

பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று. எஞ்சின் மூடியை இறக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னொருக்கா அமத்துங்கோ, பாப்பம்" என்றாள்.