கை அசைத்தவர்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் என்பதால் மைக் என்றே அவருக்குப் பேர் நின்றுவிட்டது. மனைவியைத் தவிர ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடைக்கு இடப்பக்கம், ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற தகப்பன் மாதிரி உட்கார்ந்திருப்பார். கட்சியில் உறுப்பினர்தான். ஆனால் மைக்கில் அவர் பேசியதெல்லாம் 'ஹலோ, ஹலோ, செக்' என்ற மூன்று சொற்கள் மட்டுமே.

வருடக்கணக்கில் கவுன்சிலரின் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டதில் அந்தக் குரல் அவர் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டது. பேச்சுக்கு முன் அரைச் செருமல், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்குவது, 'நல்ல கேள்வி, ரொம்ப நல்ல கேள்வி' என்று இழுக்கிற இழுப்பு, எல்லாம் அச்சாக வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கவுன்சிலரின் அம்மாவே ஏமாந்துபோவார் என்று சொல்வார்கள்.

அந்த வித்தை விளையாட்டாக இருந்தவரை ஒரு குழப்பமும் இல்லை. வாய்க்கால் நடைபாலம்தான் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது.

தையல் ஆலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பாலம்தான் வழி. நடுவில் இரண்டு பலகைகள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. தூறல் விழுந்த ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த மைக்கின் மனைவி அங்கே வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. கட்டுப் பிரித்ததும் மறுபடி அதே பாலத்தின் மேல்தான் நடக்க வேண்டும். அதற்குள் மழைக்காலமும் வந்துவிடும்.

அவர்கள் கிளையில் கேள்வி நாள் என்று ஒரு வழக்கம் உண்டு. அரை வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலர் கட்சிக்காரர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். அவரும் தவறாமல் வருவார். யாராவது எழுந்ததும் 'நல்ல கேள்வி' என்பார், கேட்டவரின் பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறான் என்று விசாரிப்பார். கேட்டவர் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குப் போன பிறகுதான் கேட்க வந்தது ஞாபகம் வரும்.

"நாம கேக்கத் தெரியாம கேக்கறோம். ஒத்திகை பாக்கணும்," என்றார் பேப்பர் அக்கா. வீடு வீடாகப் பத்திரிகை போடுகிறவர். யார் வீட்டு வாசலிலும் நின்று யாரையும் அதட்டக்கூடியவர். "ஒருத்தர் கவுன்சிலரா உக்காரணும். அவரை மடக்கிப் பழகினா இவரை மடக்கிடலாம்."

கவுன்சிலராக உட்கார யாரைக் கூப்பிடுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஒத்திகை நடந்தது மைக்கின் மச்சானுடைய பேக்கரியில். மச்சான்தான் கிளைச் செயலாளர். பின்னறையில் மாவு மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, மூட்டை மேலேயே ஆட்கள் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கும்போது எல்லோருக்கும் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மைக்குக்குப் பெட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் பேச்சு வராது என்பதால் அதையும் கொண்டுவந்து இடப்பக்கம் மூலையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கவுன்சிலரானார்.

"பாலம் என்னாச்சுங்க?" என்று ஆரம்பித்தாள் மனைவி.

மைக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "நல்ல கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி. கையில என்னம்மா கட்டு? பாத்து நடக்க வேணாமா?"

"ஏங்க, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"வீட்டுச் சண்டையை வீட்ல வச்சுக்க தங்கச்சி," என்றார் மச்சான். "இங்க இவர் உன் புருஷன் இல்ல. கவுன்சிலர்."

"வீட்லயும் இப்படித்தான் பேசறார் அண்ணே. குழம்புல உப்பு இல்லையான்னு கேட்டா நல்ல கேள்விங்கறார்."

அறை குலுங்கச் சிரித்தது. ஆனால் முதல் சில ஒத்திகைகளில் மைக்தான் ஜெயித்தார். எந்தப் பக்கம் மடக்கினாலும் இன்னொரு பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதில் ஒரு ருசிகூட இருந்தது. இரவு படுக்கும்போது அது நெஞ்சை உறுத்தும். போகப்போகக் கேட்கிறவர்களும் தேறிவிட்டார்கள். மனைவி பாலம் பற்றிக் கேட்பாள், அவர் நழுவியதும் பேப்பர் அக்கா எழுந்து "மழைக்கு முன்னாடியா, அப்புறமா?" என்பார். அதற்கும் நழுவினால் மச்சான் "முடியலேன்னா என்ன செய்வீங்க?" என்பார். மூன்று பக்கமும் அடைத்துவிட்ட ஒருநாள், மைக்குக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது.

"சரி! மழைக்கு முன்னாடி பாலம் முடியும். முடியலேன்னா நான் பதவியை விட்டு எறங்கறேன். போதுமா?" என்று கவுன்சிலர் குரலிலேயே கத்தினார்.

ஒரே கைதட்டல். மாவு புகையாகக் கிளம்பியது. மனைவி இடது கையால் மாவுக்கட்டின் மேல் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒத்திகையும் அந்த வரியில்தான் முடிந்தது.

கேள்வி நாள் சமுதாயக் கூடத்தில் நடந்தது. வந்த கூட்டம் உள்ளே கொள்ளவில்லை. மிச்சம் பேர் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்தார் மைக். கவுன்சிலர் மேடை நடுவில் உட்கார்ந்தார், அவருக்குப் பின்னால் அவருடைய உதவியாளர் நின்றார். மேடைக்குக் கீழே, இடப்பக்கம், பெட்டியின் மேல் ஒரு கையும் இன்னொரு கையில் சோதனை மைக்குமாக இவர்.

மனைவி எழுந்தாள். பாலம் என்னாச்சு என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி," என்றார் கவுன்சிலர். சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்து, எந்தப் பாலம் என்று உதவியாளரிடம் கிசுகிசுத்தார்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. பேப்பர் அக்கா எழுந்தார். வாரக்கணக்கில் பழகிய பழக்கம். கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. "மழைக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். மச்சானும் அதே பக்கம் திரும்பி, "முடியலேன்னா என்ன செய்வீங்க?" என்றார். முன்வரிசை முழுக்க மேடைக்கு முதுகைக் காட்டாத குறையாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது.

அரைச் செருமல். அதற்குப் பிறகு, "மழைக்கு முன்னாடி பாலம் முடியும். முடியலேன்னா நான் பதவியை விட்டு எறங்கறேன். போதுமா?"

மைக்கின் கையில் இருந்த சோதனை மைக்கை அவர் அணைத்திருக்கவில்லை. வரி தெருவுக்கே போய்விட்டது.

வெளியே முதலில் விசில். பிறகு கைதட்டல் வாசல் வழியாக உள்ளே புகுந்து, பின்வரிசையைத் தொட்டு, மேடைவரை வந்தது. பின்வரிசைக்கு யார் வாய் அசைந்தது என்று தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். கவுன்சிலர் நிமிர்ந்தார். தன் குரலைக் கேட்டாரோ, கைதட்டலை மட்டும் கேட்டாரோ, எழுந்து நின்று வலது கையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்து அசைத்தார். நீளமாக, நிதானமாக அசைத்தார். பிறகு வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் மனைவிக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தார் மைக். கை முறிந்ததிலிருந்து அது அவர் வேலை. ஒயரைச் சுற்றுகிற கை, ஜடையும் ஒயர் மாதிரியே முறுக்கிக்கொண்டு வரும்.

"நீங்க சொன்னீங்களா, அவர் சொன்னாரா?" என்றாள்.

"தெரியல."

"வாய் உங்களுது. அதுகூடவா தெரியல?"

"வாய் என்னுது. பேசினது நானான்னு தெரியல. அது சரி, நீ யார்கிட்ட கேட்ட?"

"அவர்கிட்டதான். பதில் வந்தப்ப உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். இழுக்காதீங்க, வலிக்குது."

தெருவில் பாதிப் பேர் மைக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மீதிப் பேர் கவுன்சிலர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று அவரிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் அவர் தலையாட்டினார். நான்தான் சொன்னேன் என்றால் வாக்குச் செத்துப்போகும், அதோடு பாலமும் போகும். சொல்லாமல் இருந்தால் அது ஏமாற்று. மச்சானிடம் கேட்டால், "எனக்கும் ஒண்ணும் புரியல மாப்ள. நான் உங்களைக் கேட்டேனா அவரைக் கேட்டேனான்னு நானே தூக்கமில்லாம கெடக்கேன்," என்று பன் அடுக்கிய தட்டை வெறித்துப் பார்த்தார்.

கவுன்சிலர் கூப்பிட்டனுப்பினார். அவர் அலுவலகம் மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்க அவர் கை அசைக்கிற படங்கள்.

"வா மைக்கு. உக்காரு. என் குரல் என்னைவிட உனக்கு நல்லா வருதாமே!"

"தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே. ஒத்திகைப் பழக்கத்துல..."

"சேச்சே, தப்பா எடுக்கல. ஞாயித்துக்கிழமை பாலத்தடிக்கு வர்றேன். நீ செட்டோட வந்துடு. விளையாட்டுக்குச் சொன்னேன்னு உன் வாயால சொல்லிடு. எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சாச்சுன்னா முடிஞ்சுது."

"பாலம்?"

"நல்ல கேள்வி," என்றார் கவுன்சிலர். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருந்த மைக்குக்குத் தன்னையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. "தேர்தல் வருது. கூட்டம் நிறைய இருக்கும். ஊர்ல மைக் செட் உன்னுது ஒண்ணுதானா? யோசிச்சுப் பாரு. பிள்ளை என்ன படிக்கிறான்?"

"எங்களுக்குப் பிள்ளை இல்லீங்களே."

"அப்படியா? நல்லது, நல்லது," என்றார் கவுன்சிலர்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் மூடியிருந்தது. பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டியும் ஒரு குழாயும் மட்டும் கொண்டுபோனார் மைக். கூட்டம் பாலத்தின் இந்தப் பக்கம் நின்றது. மனைவி முன்னால் நின்றாள். கட்டுப் பிரித்திருந்த கை வெளிறிப்போய், வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. கவுன்சிலர் வந்தார். பாலத்தில் கால் வைக்கவில்லை.

"நம்ம மைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்று அறிவித்துவிட்டு மைக்கை நீட்டினார்.

வாங்கியவருக்கு எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழக்கம் கைகொடுத்தது. "ஹலோ. ஹலோ. செக்." அதைத் தாண்டித் தன் சொந்தக் குரலில் எதையும் அவர் மைக்கில் சொன்னதில்லை. குழாயில் கேட்டபோது யாரோ ஒரு வழிப்போக்கரின் குரல் போல் மெலிந்திருந்தது.

"அன்னிக்குக் கூடத்துல பேசினது நான்தான்," என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. கவுன்சிலர் சிரித்த முகமாகத் தலையாட்டினார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்ற அடுத்த வரியைத்தான் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பேசினது நான். கை அசைச்சது அவர்."

இது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று அவருக்கே விளங்கவில்லை. கவுன்சிலர் சொன்ன மாதிரியே யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. பேப்பர் அக்கா கைதட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள், பிறகு தெரிந்து தட்டினார்கள்.

கைதட்டலைக் கேட்டதும் கவுன்சிலரின் வலது கை தானாக உயர்ந்து அசைந்தது.

"அண்ணே, திரும்பவும் அசைச்சிட்டாரு!" என்று மச்சானைப் பார்த்துக் கூவினாள் மனைவி.

கவுன்சிலர் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்போது கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்தும் ஒன்றும் முடியவில்லை. மனைவி ஓரடி முன்னால் வந்தாள்.

"மழைக்கு முன்னாடியா, அப்புறமா?"

யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று சொல்ல முடியாதபடி இருவருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு நின்றாள். மைக்கின் தொண்டையில் அரைச் செருமல் வந்து நின்றது. 'நல்ல கேள்வி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினார். பிறகு வருடக்கணக்கில் செய்த வேலையையே செய்தார். கையை நீட்டி, மைக்கைக் கவுன்சிலரின் வாய்க்கு நேரே பிடித்தார்.

குழாயில் மூச்சு மட்டும் கேட்டது. நீளமான, கனத்த மூச்சு. அது கவுன்சிலருடையதுதான் என்பதில் அங்கிருந்த ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

முதல் துளி குழாயின் மேல் 'டக்' என்று விழுந்தது. மைக் தோளில் கிடந்த துண்டை ஒற்றைக் கையால் இழுத்துப் பெட்டியை மூடினார். மற்றக் கையை இறக்கவில்லை.