பழைய பம்ப்

எமீல் ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உயிர்விட்டது அந்தக் காரின் முன்சீட்டில்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர் மனைவி மர்த் அம்மாள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். கார் கிளம்பவே இல்லை. நாற்பது நாள் கழித்து உழவர்கரை மெக்கானிக் பிரேம்குமாரை வரவழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எது கெட்டுப்போயிருந்திச்சுன்னு சொல்லு தம்பி. அது தெரியாம எனக்குத் தூக்கம் வரல."

பிரேம்குமாருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினான். ஸ்பார்க், பெட்ரோல் அழுத்தம், சென்சார் எல்லாம் சரி. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு குறையும் இல்லை.

"அன்னிக்கு எப்படி ஸ்டார்ட் பண்ணீங்களோ, அப்படியே பண்ணுங்கம்மா."

எப்போதும் ஐயாதான் ஓட்டும் அந்தக் காரில் அம்மாள் ஏறி உட்கார்ந்தார். முன்பு முப்பது வருஷம் ஓட்டிய பழைய கார்பரேட்டர் காரில் பழகிய கால், ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கேனரில் மிதி நூறு சதவீதம், பெட்ரோல் பூஜ்யம்.

பாழாய்ப்போன கம்ப்யூட்டர்! ஸ்டார்ட் செய்யும்போது முழுதாக மிதித்தால், இன்ஜினுக்குள் பெட்ரோல் தேங்கிவிட்டது, உலர்த்தச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். பெட்ரோலை நிறுத்திவிட்டு வெறும் காற்றையும் ஸ்பார்க்கையும் கொடுக்கும். காலைத் தூக்கியிருந்தால் அடுத்த நொடி கிளம்பியிருக்கும். கட்டின புருஷன் பக்கத்தில் துடிக்கும்போது யாருக்குக் காலைத் தூக்கத் தோன்றும்? பிரேம்குமார் ஸ்கேனரைக் கழற்றிச் சுருட்டினான்.

"பெட்ரோல் ஏத்துற பம்ப் போயிடுச்சும்மா," என்றான். "நாளைக்கு மாத்திடறேன்."

மறுநாள் அம்மாள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து, ஒன்றையும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மாற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுப்பது தொழில் வழக்கம். கடையில் கிடந்த செத்த பம்ப் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்திருந்தான். அம்மாள் வந்ததும் அதைக் கொடுத்தான்.

"புது பம்ப் போட்டிருக்கேன். இனிமே மிதிக்காம சாவிய மட்டும் திருப்புங்கம்மா."

திருப்பினார். பட்டென்று கிளம்பியது.

மர்த் அம்மாள் இன்ஜினை அணைத்தார். மடியில் இருந்த பம்பை எடுத்து மூக்கருகே வைத்தார். நேற்றுவரை பெட்ரோலில் ஊறியிருக்க வேண்டிய சாமான். அதில் தூசி வாடைதான் அடித்தது. குனிந்து தன் வலது காலையே வெகுநேரம் பார்த்தார்.

"மெர்சி தம்பி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "பாரீசுலேர்ந்து எம் பொண்ணு போன் பண்ணுவா. அவகிட்டயும் பம்ப்னே சொல்லிடு. அவளாவது தூங்கட்டும்."