நாற்பது வினாடி பழைய துறைமுகம்

லேமினேஷன் மெஷினுக்குள் ஓர் ஆதார் அட்டை பாதி நுழைந்திருந்தபோது கனகாவின் போன் அதிர்ந்தது. உதயகுமார் அண்ணன். வேலை நேரத்தில் அவன் கூப்பிட்டதே கிடையாது.

“அம்மிணி, கடையிலதான இருக்கற? அந்தக் கேமராவைத் தொறந்து பாரு. வெரசா.”

“என்னாச்சுங்ணா?”

“தொற முதல்ல. சொல்றேன்.”

அவன் குரலைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. கனகா அட்டையை மெஷினிடமே விட்டுவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. பத்து நாளாக, மண்டி மொஹல்லாவின் இந்த ஜெராக்ஸ் கடையில் கூட்டம் ஓய்ந்தபோதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்: கிரேக்கத் தீவு ஒன்றின் துறைமுகம். மேட்டிலிருக்கும் ஏதோ ஓர் ஓட்டல் மொட்டைமாடியில் மாட்டிய கேமரா ராவும் பகலும் அதை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சொந்த ஊரான ஹனூரிலிருந்து கோவாவுக்குப் போய் ஐந்து வருடம் சுற்றுலாப் படகுகளில் கயிறு இழுத்தவன் உதயகுமார். இந்த வருடம் ஒரு டச்சுத் தம்பதியின் பாய்மரப் படகில் உதவியாளாகக் கிரேக்கத்தில் இருந்தான். அவன் அடுத்துப் போகப்போகிற தீவைக் கனகா முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுவாள், கேமராவில். கடலை அவள் நேரில் கண்டதில்லை. ஆனாலும் இந்தத் துறைமுகத்தில் பயணிகள் கப்பல் எப்போது கிளம்பும், காபிக் கடைக்காரர் சிவப்புக் குடைகளை எப்போது விரிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. படகுகள் அங்கே கரையோரம் பக்கவாட்டில் நிற்பதில்லை. நடுத்தண்ணீரில் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து, பின்பக்கத்தைக் கரையில் கட்டிக்கொண்டு, அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் மாதிரி நெருக்கியடித்து நிற்கும்.

“கேப்டன் காலைல வழுக்கி உழுந்து மணிக்கட்டு போச்சு. நாளைக்கு ஊருக்குப் போறாரு. இன்னிக்கு நீயே உள்ள கொண்டுபோய்க் கட்டு, ஒரு கீறல் உழுகாமக் கட்டிட்டா சீசன் முடியற வரைக்கும் நீதான் கேப்டன்னு ஓனரு சொல்லிட்டாரு.”

“கீறல் உழுந்துட்டா?”

“வேற கேப்டன் அவனோட ஆளைக் கூட்டிட்டு வருவான். நான் டிக்கெட் எடுக்கறதுதான்.”

அந்த டிக்கெட் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று கனகாவுக்குத் தெரியும். கொள்ளேகாலில் மாமாவின் உரக்கடையில் ஒரு நாற்காலி நான்கு வருடமாக அவனுக்காகக் காத்திருந்தது. அப்பா எப்போது போனில் பேசினாலும் அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வைக்கமாட்டார்.

“தொறமொகத்து ஆபீசுல ரேடியோவை எடுக்க மாட்டேங்கறாங்க. கல்சொவரு ஒசரமா மறைக்குது, உள்ள என்ன இருக்குதுன்னே தெரியல. எனக்குப் பின்னால இன்னும் மூணு படகு சுத்திட்டுக் கெடக்குது. எடம் இருக்குதா பாரு.”

கனகா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் திரையோடு ஒட்டிக்கொண்டாள். கரை நெடுகிலும் பாய்மரங்கள். ஒரே ஓர் இடைவெளி, ஒரு நீலப் படகுக்கும் இரண்டு உடல் சேர்ந்த பெரிய வெள்ளைப் படகுக்கும் நடுவில்.

“ஒரு எடம் இருக்குதுங்ணா. சிவப்புக் கொடைக்கு நேரா. உங்க படகு நொழையும்னுதான் தோணுது.”

“நொழையுமா, தோணுதா?”

“நொழையும்.”

ஆதார் அட்டைக்காரர் காளியப்பன் பொறுமையிழந்து கல்லாவைச் சுற்றி உள்ளே வந்துவிட்டார். கடையைச் சுற்றியுள்ள சந்துகளில் வாழைத்தார் டெம்போ ஓட்டுகிறவர், அவரும் ஹனூர்ப் பக்கம்தான். “என்ற கார்டு என்னாச்சு அம்மிணி?” என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “யாரு, உங்கண்ணனா? இதென்ன, சந்துல ரிவர்ஸ்ல சொருகறதுதான?”

“அதுக்கு பிரேக் கெடையாதுங்க.”

“பிரேக் இல்லாத வண்டிக்குக் கேப்டன் எதுக்கு? சாமிதான் வேணும்.”

முன்பக்கத்தில் கடைக்காரி நிர்மலா அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டீசை ஐநூறு காப்பிக்குப் போட்டுவிட்டாள். மெஷின் வினாடிக்கு ஒன்றாகத் தாளைத் துப்பத் தொடங்கியது. “கனகா, லேமினேஷன்ல ஏனோ கருகற வாசனை வருது, ஸ்வல்ப நோடம்மா!” என்று அவள் கன்னடம் கலந்து, பார்க்கச் சொல்லிக் கத்தியது கனகாவின் காதில் விழவில்லை.

“அம்மிணி, வாசல் குறுகல். உள்ள இருந்து அந்தப் பெரிய கப்பல் வருதா? வந்தா ரெண்டு பேருக்கும் எடம் பத்தாது.”

கனகா பார்த்தாள். கப்பல் தன் இடத்தில் நின்றது. கார்கள் ஏறும் பின்கதவு கரையில் இறங்கியே கிடந்தது. அது மூன்றேகாலுக்குத்தான் கிளம்பும். அங்கே மணி இப்போது மூன்று பதின்மூன்று.

“நிக்குதுங்ணா. கதவே இன்னும் தூக்கல. நீங்க வாங்க.”

“வந்துட்டேன்.”

எஞ்சின் சத்தம் உயர்ந்தது. அப்போதுதான் போனுக்குள்ளிருந்து அது வந்தது. நீளமாய், கனத்த குரலில் ஓர் ஊதல்.

கனகா திரையில் கப்பலின் புகைபோக்கியைத் தேடினாள். பத்து நாளில் எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். கப்பல் கதவை மூடி, திரும்பி, வாசலை நெருங்கும்போது புகைபோக்கி ஓரத்தில் வெள்ளை ஆவி ஒன்று எழும்பும். அதுதான் ஊதல். இங்கேயோ கதவு இன்னும் தரையில் கிடந்தது. ஒரு சின்னக் கார் நிதானமாக அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணா, வராதீங்க! திரும்புங்க! நான் பாக்கறது பழசு! கப்பல் கெளம்பிருச்சு!”

போனில் யாரோ டச்சு மொழியில் அலறினார்கள். எஞ்சின் உறுமியது. தண்ணீர் எதிலோ அறைந்தது. திரையில் அந்தக் கார் ஏறி முடித்து, பிரேக் விளக்கை அணைத்தது.

“இப்ப என் மூக்குக்கு முன்னால போகுது,” என்றான் உதயகுமார். குரல் வேறாக இருந்தது. “எட்டிப் புடிச்சாக் கைக்கு எட்டும்.”

கனகாவின் கண் ஜெராக்ஸ் மெஷினின் எண்ணில் போய் நின்றது. எழுபது. திரையில் கதவு தூக்கப்பட்டது, கப்பல் திரும்பியது, ஆவி எழும்பியது. வாசலில் ஒரு வெள்ளைப் பாய்மரம் பொம்மை போலத் துடித்து விலக, கப்பல் அதை உரசுகிற மாதிரி கடந்தது. மெஷினில் நூற்றுப்பத்து.

“நாப்பது செகண்டு,” என்று வாய்விட்டுச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் பார்த்த துறைமுகம் நாற்பது வினாடி பழையது. அண்ணன் இல்லாத துறைமுகத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

“அண்ணா, என்னைக் கேக்காதீங்க. நான் உங்களைக் கொன்னிருப்பேன்.”

“அழுகாத. ஓனரு ஏற்கனவே என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல. நீயும் போயிட்டா நான் யாரக் கேக்கறது? கப்பல் போயிருச்சு, வாசல் காலி, அத நானே பாக்கறேன். உள்ள நங்கூரத்த எங்க போடறது? பக்கத்துச் சங்கிலி மேல போட்டா ரெண்டும் சிக்கிக்கும், அப்பறம் ஊரே வந்து வேடிக்கை பாக்கும்.”

கனகா கண்ணை மூடினாள். நேற்று மத்தியானம். நீலப் படகு வந்தபோது இதே காற்று அதைத் தள்ளியது. அவர்கள் நங்கூரத்தைத் தங்கள் இடத்துக்கு நேராகப் போடவில்லை.

“நீலப் படகுச் சங்கிலி கோணலாக் கெடக்குதுங்ணா. கரையோரத்து மஞ்சக் கோயில் பக்கமாச் சாஞ்சு.”

“அது எப்பப் பாத்தது?”

“நேத்து.”

“இப்பத்தான் பழசுன்ன?”

“படகுதான் நகரும். தண்ணிக்கடியில கெடக்கற சங்கிலி அங்கயேதான கெடக்கும்? நீங்க சிவப்புக் கொடைக்கு நேரா, வெள்ளைப் படகோட மூக்குல இருந்து மூணு படகு நீளம் தள்ளிப் போடுங்க. கோயில் பக்கம் மட்டும் போயிறாதீங்க.”

“சரி. போனைப் பாக்கெட்டுல போடறேன். இனிப் பேசாத.”

அதன் பிறகு சத்தங்கள்தான். சங்கிலி கடகடவென்று இறங்கியது. உதயகுமார் இங்கிலீஷில் யாரிடமோ கயிறு, கயிறு என்று கத்தினான். எஞ்சின் பின்னோக்கி முனகியது. “ஒடிக்கறான், ஒடிக்கறான்,” என்று காளியப்பன் இல்லாத ஸ்டியரிங்கைக் காற்றில் திருப்பினார். ஒரு பெண் வீறிட்டாள். டமார் என்று ஏதோ வெடித்தது. போன் கட்டையில் விழுந்து உருண்ட சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தொடர்பு அறுந்திருந்தது.

மெஷினில் முன்னூற்று எழுபத்தொன்று.

திரையில் அண்ணனின் படகு அப்போதுதான் பின்னாலேயே இடைவெளிக்கு வந்துகொண்டிருந்தது. வெயில் அடித்தது. எல்லாம் அழகாக இருந்தது. முடிந்துபோனது எதுவோ, அது இனிமேல்தான் வரும்.

முன்னூற்றுத் தொண்ணூறில் தாள் சிக்கி மெஷின் நின்றது. “தூ, ஹாளாது!” என்று மெஷினைத் திட்டினாள் நிர்மலா அக்கா. அந்த டமார் சத்தத்துக்குப் பிறகு பத்தொன்பது தாள் வந்திருந்தது; காளியப்பன் விட்ட இடத்திலிருந்து வாயால் எண்ணத் தொடங்கினார். “இருவது, இருவத்தொண்ணு…”

காற்று படகின் மூக்கைப் பிடித்துத் தள்ளியது. அது வெள்ளைப் படகை நோக்கிச் சாய்ந்தது. கனகா அறியாமலேயே மேசையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“முப்பத்தொண்ணு…”

டச்சு முதலாளியின் மனைவி காற்றடைத்த ஆரஞ்சு உருளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, இரண்டு படகுக்கும் நடுவில் செருகினாள். உதயகுமார் சக்கரத்தை முழுக்க ஒடித்தான். உருளை நசுங்கியது.

“நாப்பது.”

ஆரஞ்சு நிறம் காணாமல் போனது. படகு குலுங்கி, உட்கார்ந்த மாதிரி நின்றது. அண்ணன் பின்பக்கம் தாவி வந்து கயிற்றை வீச, கரையில் ஒருவர் பிடித்தார். முதலாளி அந்த இடத்துக்குப் போய் மண்டியிட்டார். தளத்தில் குப்புறப் படுத்து, படகின் விலாவைக் கையால் தடவிப் பார்க்கத் தொடங்கினார். தடவினார், தடவினார்.

“எந்திரிய்யா,” என்றார் காளியப்பன்.

திரையில் முதலாளி இன்னும் தடவிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

“அம்மிணி.”

அவன் மூச்சு வாங்கினான்.

“அந்த ஆரஞ்சு ஃபெண்டர் வெடிச்சிருச்சு. டயர் வெடிச்ச மாதிரி.”

“கீறலு?”

“அவரு விரல்ல எச்சத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. ஒண்ணுமில்ல. சங்கிலியும் சிக்கல, கல்லாட்டம் புடிச்சிருக்குது.”

“என்ன சொன்னாருங்ணா?”

“நாளைக்கு எட்டு மணிக்குக் கெளம்பணும், தண்ணி ரொப்பி வை, பழைய கேப்டனுக்கு டாக்சி சொல்லு, அப்பறம் புது ஃபெண்டர் ஒண்ணு வாங்குன்னாரு. அவ்வளவுதான்.” சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. “மாமன்கிட்ட அந்தச் சேரை வேற யாருக்காச்சும் போடச் சொல்லு.”

“அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு.” கனகா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “அண்ணா, கோயிலுக்கு மேல மேட்டுல ஒரு வெள்ளை ஓட்டல் தெரியுதா? அங்கதான் கேமரா. கை காட்டுங்க.”

“என்னடா இது, ஓனரு பாக்கறாரு.”

“காட்டுங்ணா.”

“இந்தா. ரெண்டு கையும். போதுமா?”

திரையில் முதலாளி அப்போதுதான் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நிர்மலா அக்கா, கருகிச் சுருண்ட ஆதார் அட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். “இது யாரோடது மாராய்தி?”

காளியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. “இருங்கக்கா,” என்றார். “பையன் கை காட்டியாச்சு. இன்னும் வந்து சேரல.”