பேராசிரியரின் தீமிதி

நேர்ந்துகொண்டது சுபத்ரா. நடக்கவேண்டியது அவள் புருஷனின் கால். இதில் என்ன நியாயம் என்று, காரில் ரிங்லெட் மலையூர் வந்து சேரும்வரை பேராசிரியர் யோகேந்திரனுக்கு விளங்கவில்லை.

அவர் கோலாலம்பூரில் அணுசக்திப் பாடம் நடத்துகிறவர். புதுவகை அணு உலை ஒன்றை ஆராய்கிறார். சூடு மிஞ்சினால் யாரும் கை வைக்காமலே தானாக அடங்கிவிடும் உலை. மூன்று வருஷமாக இழுத்தடித்த ஆராய்ச்சி அனுமதி கிடைத்தால் அவர் தீ மிதிப்பார் என்று, தான் பிறந்த ரிங்லெட் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனிடம் சுபத்ரா வாக்குக் கொடுத்திருந்தாள். அனுமதி வந்துவிட்டது. தொலைந்தார் மனுஷன்!

"என்னக் கேக்காம எப்படி நேந்துக்கிட்டே?"

"கேட்டா முடியாதும்பீங்க. அதான்."

தீக்குழி தகதகவென்று கனன்றது. மஞ்சள் வேட்டியில் யோகேந்திரன் வெடவெடவென்று நடுங்கினார். மலைக்குளிர் என்றார். பச்சைப் பொய். பயமாக இருந்தது, அவ்வளவுதான். பயம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், வேகமாக நடந்தால் கால் சுடவே சுடாது என்று, அடுத்துத் தீயில் இறங்கப் பின்னால் நின்ற கோயில் தலைவர் காளிமுத்துவுக்குக் காற்றிலேயே விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். லோரி ஓட்டும் காளிமுத்து தலையைச் சொறிந்தார்.

"அப்ப நடங்க லா, புரொபசர்."

"இல்ல, நீங்க மொதல்ல..."

"ஒங்க கணக்க நீங்களே நம்பலன்னா, நாளைக்கு அந்த அணு ஒலைய நாங்க எப்படிங்க நம்புறது?"

சுருக்கென்று தைத்தது. வகுப்பில் முந்நூறு தடவை 'நம்புங்கள்' என்று சொன்னவர் அவர்தானே. சுபத்ராவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். விடுவிடுவென்று நடந்து, முடிவில் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் தொப்பென்று காலை வைத்தார்.

பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை! ஐயோ, அவருக்கு வந்த சந்தோஷம்! பால்குழிக்கு நடுவில் நின்றபடியே கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா! கணக்கு சரி! மூணு செகண்டுக்குள்ள தாண்டிட்டா ஒண்ணும் ஆகாது. அதுக்கு மேல நின்னாத்தான் ஆபத்து. ஏன்னா..."

பின்னாலிருந்து ஓர் அலறல். அவரைத் தொடர்ந்து இறங்கிய காளிமுத்து, பால்குழிக்குள் கால் வைக்க இடமில்லாமல், தீயிலேயே காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு செகண்டாச்சு, நகருங்க லா!"