வெடிக்காத காய்

சோயாவுக்கு ஒரு கெட்ட குணம். முற்றியதும் அறுக்காமல் விட்டால், கோபித்துக்கொண்டு காயை வெடித்து விதையை மண்ணில் கொட்டிவிடும். அந்தக் கோபம் எந்த மரபணுவில் குடியிருக்கிறது என்று கண்டுபிடித்து அடக்கியது ஆராய்ச்சி நிலையம். கண்டுபிடித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். இயக்குநர் மேடையில் இருந்தார்.

புது ரகத்தை முதலில் விதைக்க ஒத்துக்கொண்டவர், பங்குக்கு உழுகிற ஒரு விவசாயி. விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போனால்தான் அடுத்த வருஷமும் நிலம் அவர் கையில். அறுவடை நாளை நிலையம்தான் சொல்லும் என்பது நிபந்தனை.

இலை உதிர்ந்தது. காய் பழுப்பேறி, செடியை ஆட்டினால் கலகலத்தது. அப்போதுதான் தகவல் வந்தது: அமைச்சர் வந்து முதல் செடியை அறுப்பார், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. வரப்போரம் அறுவடை இயந்திரத்துக்கு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். அமைச்சருக்குத் தேதி கிடைத்தது, தள்ளிப்போனது, மறுபடி கிடைத்தது, மறுபடி தள்ளிப்போனது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, அந்த மனுஷன் வந்து அரிவாள் பிடிப்பாரா, குடை பிடிப்பாரா?" என்றாள் மனைவி.

விவசாயி நிலையத்துக்கு ஓடினார். இயக்குநர் குளிர்ந்த அறையில் பொறுமையாக விளக்கினார்.

"காத்திருக்கறதுக்குன்னே உருவாக்கின பயிருங்க இது. அதுவே சும்மா இருக்கு, உங்களுக்கு என்ன அவசரம்?"

மழை ஒரு வாரம் நின்று பெய்தது. விழாப் பந்தல் நனையக் கூடாதென்று காத்திருந்த அமைச்சர், வெயில் வந்ததும் வந்தார். இயக்குநர் ஒரு செடியைப் பிடுங்கி ஒலிபெருக்கி முன் தூக்கிக் காட்டினார். ஒரு காய்கூட வெடிக்கவில்லை என்றார். அது சத்தியமான உண்மை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கடைசி வரிசையில் விவசாயியின் மனைவி ஒரு காயை நகத்தால் பிளக்கப் பார்த்தாள், முடியவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாள். உள்ளே பூஞ்சணம் பிடித்த கறுப்புக் கூழ்.

"பழைய விதையா இருந்தா, வெடிச்சிடும்னு பயந்து அன்னைக்கே அறுத்திருப்போம்" என்றாள் புருஷனிடம்.

அமைச்சரின் வண்டி கிளம்பியதும் நிலக்காரர் வயலுக்குள் இறங்கினார். நாலைந்து காய்களைப் பேனாக்கத்தியால் பிளந்து மோந்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"என் பாதியையும் நீயே வச்சுக்கப்பா" என்றார். "நிலத்தை மட்டும் விட்டுடு."